மனிதர் ஒன்றாயிருக்க மதங்களும் ஒன்றாயிருக்க வேண்டுமா?

சமய ஒப்பாய்விலும் சமூக வரலாற்றிலும் ஈடுபட்டுள்ள நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பதிவு சற்று நீளமானது, பொறுத்துக்கொள்க.

அண்மையில் ஒரு கருத்தரங்கில் பஹாய் சமயம் பற்றிய பேச்சு எழுந்தது. மூத்த பேராசிரியர் ஒருவர், "எல்லா மதங்களிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் சேர்த்த கலவை அது. நம்முடைய சர்வ தர்ம சமபாவம்தான், பாரசீக உடுப்பில் வந்திருக்கிறது" என்றார். அரங்கம் சிரித்தது. திரையில் தில்லித் தாமரைக் கோயிலின் படம் வந்து போயிற்று. அடுத்த கட்டுரைக்குச் சென்றுவிட்டோம். ஒரு சமயத்தின் நூற்றெண்பது ஆண்டு வரலாறு இரண்டே நிமிடங்களில் முடிந்துவிட்டது. நானும் அப்போது வாய் திறக்கவில்லை. அந்தக் குற்றவுணர்வும் இந்தப் பதிவுக்கு ஒரு காரணம்.

நான் அந்தச் சமயத்தைச் சேர்ந்தவனல்லன். அதன் அடிப்படைக் கூற்று ஒன்றோடு எனக்குக் கடுமையான முரண்பாடு உண்டு. அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் முரண்படுவதற்கும் முதலில் ஒரு கருத்தை அதன் சொந்த வடிவில் கேட்டாக வேண்டும். நம் கல்விப்புலம் அதைச் செய்யவில்லை. பாராட்டுவோர், ஒதுக்குவோர் ஆகிய இரு சாராரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள்: "எல்லாம் ஒன்றே" என்னும் சொற்றொடரைக் கேட்டதும் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை நினைத்துக்கொண்டு, எதிரே இருப்பவர் சொல்வதைக் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

முதலில், அது கலவை என்ற கூற்று. 1844இல் ஷிராஸ் நகரில், பாப் என்று அறியப்பட்ட இளம் வணிகர் ஒருவர் தம் அழைப்பை வெளியிட்டார். 1848இல் பதஷ்த் என்னும் ஊரில் கூடிய அவருடைய சீடர்கள், பழைய சட்டநெறியிலிருந்து தாங்கள் பிரிந்துவிட்டதை அறிவித்தார்கள். தாஹிரா என்னும் பெண் கவிஞர் அங்குதான் முகத்திரை இல்லாமல் ஆண்கள் முன் தோன்றினார். 1850இல் பாப் தப்ரீஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1852இல் தாஹிரா கொல்லப்பட்டார். அதே ஆண்டில் பஹாவுல்லா தெஹ்ரானின் நிலவறைச் சிறையில் அடைக்கப்பட்டார். பின்னர் பாக்தாத், இஸ்தான்புல், எதிர்னே என்று நாடுகடத்தப்பட்டு, 1868இல் அக்கா சிறைக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். 1892இல் இறக்கும்வரை அவர் தாயகம் திரும்பவில்லை. எல்லாவற்றிலிருந்தும் நல்லதை எடுத்துக் கோத்து மாலை கட்டும் ஒருவரை எந்தப் பேரரசும் நாற்பதாண்டுக் காலம் ஊர் ஊராகத் துரத்துவதில்லை.

அவர் எழுதிய கிதாப்-இ-அக்தஸ் ஒரு சட்ட நூல். அதற்கென்று தொழுகை உண்டு. பத்தொன்பது நாள் நோன்பு உண்டு. பத்தொன்பது நாள்கள் கொண்ட பத்தொன்பது மாதங்களாலான நாட்காட்டி உண்டு. வாரிசுரிமை விதி உண்டு. பிற மதங்களின் பொறுக்குமணிகளைச் சேர்த்த கையேடு அன்று அது. பழைய சட்டங்களின் காலம் முடிந்தது, இது புதிய சட்டம் என்று அறிவிக்கும் நூல்.

அதன் மையக் கருத்தையும் அதன் சொற்களிலேயே பார்ப்போம். கடவுள் ஒருவர், அவருடைய சாரம் மனித அறிவுக்கு எட்டாதது. மனிதகுலத்தின் வளர்ச்சிக்கேற்ப அவருடைய வெளிப்பாடு காலந்தோறும் வருகிறது. ஆபிரகாம், மோசே, ஜரதுஷ்டிரர், கிருஷ்ணர், புத்தர், இயேசு, முகம்மது, பாப், பஹாவுல்லா என்று அந்த வரிசை நீள்கிறது. ஆன்மிக உட்பொருள் மாறுவதில்லை. சமூகச் சட்டங்கள் மாறுகின்றன. ஒவ்வொரு வருகையும் முந்தியதை உறுதிசெய்கிறது. கூடவே அதன் சட்டங்களைக் காலாவதியாக்குகிறது. எல்லா மதங்களும் இன்று சமம் என்று அக்கோட்பாடு சொல்லவில்லை. அவை ஒரே பாடசாலையின் அடுத்தடுத்த வகுப்புகள் என்கிறது. ஐந்தாம் வகுப்பை இகழாமலே, நீ இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கிறாய் என்கிறது. இதோடு உடன்படலாம், உடன்படாமல் போகலாம். ஆனால் இது சமபாவம் என்று சொல்பவர் இதைப் படிக்கவில்லை என்பது உறுதி.

மொழிபெயர்ப்பும் இந்தக் குழப்பத்துக்கு உதவியிருக்கிறது. இறைவன் உடலெடுத்து இறங்கி வருகிறார் என்பதைப் பஹாவுல்லா ஏற்கவில்லை. ஆடியில் கதிரவன் தெரிவதுபோல் இறைப்பண்புகள் தோன்றும் இடமே இறைத்தூதர் என்பது அவர் கருத்து. அந்தக் கலைச்சொல் இந்திய மொழிகளில் 'அவதாரம்' ஆனபோது, கேட்பவர் மனத்தில் தசாவதாரக் கதை முழுவதும் வந்து உட்கார்ந்துகொண்டது. சொல் எளிதாக நுழைந்தது. பொருள் வாசலிலேயே நின்றுவிட்டது.

இரண்டாவது, இதுவும் நம் சமபாவமும் ஒன்று என்ற கூற்று. 1893இல் சிகாகோவில் கூடிய உலக சமயப் பேரவையில் விவேகானந்தர் பேசியது நமக்குத் தெரியும். அதே பேரவையில், ஹென்றி ஜெஸப் என்னும் கிறித்தவ மதப்பணியாளரின் கட்டுரை வழியாகப் பஹாவுல்லாவின் பெயரும் அமெரிக்கப் பொதுமேடையில் ஒலித்தது என்பது பலருக்குத் தெரியாது. மேடை ஒன்று, கருத்துகள் இரண்டு. ஒன்று, எல்லா ஆறுகளும் கடலுக்கே போகின்றன, ஆகவே அவரவர் ஆற்றில் இருங்கள் என்பது. மற்றொன்று, நதி ஒன்றே, அது இப்போது இந்த இடத்துக்கு வந்திருக்கிறது, இங்கே வாருங்கள் என்பது. முதற்கருத்தில் மதமாற்றம் தேவையற்றது. இரண்டாவதில் அது ஓர் அழைப்பு.

இந்த வேறுபாடு இந்தியாவில் வெறும் தத்துவ நுட்பம் அன்று. 1935இல் யேவலாவில் அம்பேத்கர், தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அறிவித்தபோது, மதம் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளும் வீடோ மேலாடையோ அன்று என்னும் பொருளில் காந்தி மறுமொழி கூறினார். எல்லா மதங்களும் மெய்யென்றால் மாறுவதற்கு என்ன தேவை என்பது சமபாவத்திலிருந்து இயல்பாகப் பிறக்கும் கேள்வி. எல்லா மதங்களும் சமமாக நல்லவை, அவற்றிடையே தரம் பார்க்க வேண்டியதில்லை என்ற எண்ணத்தை அம்பேத்கர் தம் எழுத்துகளில் கண்டித்தது இதனால்தான். வீடு இடிந்து தலையில் விழுகிறவனிடம், எல்லா வீடுகளும் ஒன்றுதான் என்று சொல்வது அன்பு ஆகாது. 1956இல் நாகபுரியில் லட்சக்கணக்கானோரோடு அவர் பௌத்தம் ஏற்றபோது, மதங்கள் ஒன்றல்ல என்பதை அவர் வாதமாகச் சொல்லவில்லை, செய்தே காட்டினார்.

மூன்றாவது, அது தீங்கற்றது, நடுநிலையானது, ஆகவே விவாதிக்க வேண்டியதில்லை என்ற கூற்று. இந்தப் பாராட்டுத்தான் எனக்கு மிகவும் உறுத்தலானது. 1994இல் அயோத்தி நிலக் கையகப்படுத்தல் தொடர்பான இஸ்மாயில் ஃபரூக்கி வழக்கில் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மைத் தீர்ப்பு, மத நல்லிணக்கம் பற்றிப் பஹாய் சமூகம் அளித்த சிறுநூலை எடுத்துக்காட்டி, அதை நடுநிலையான பார்வை என்று குறிப்பிட்டது. அதே தீர்ப்பு சமபாவத்தை விதந்தோதியது. கையகப்படுத்தல் சட்டத்தையும் பெரும்பகுதி நிலைநிறுத்தியது. தனக்கென்று வேதமும் சட்டமும் மெய்மை உரிமைகோரலும் கொண்ட ஒரு சமயத்தை நடுநிலை என்று அழைப்பது, அதற்குக் கருத்து எதுவுமில்லை என்று சொல்வதற்குச் சமம். மண்டபத்துச் சண்டையில் தோரணம் கட்ட அழைத்தவரைப் போல அவர்களை நாம் நடத்துகிறோம். 1986இல் திறக்கப்பட்ட தாமரைக் கோயிலின் இருபத்தேழு இதழ்களைப் படமெடுக்கிறோம். உள்ளே போய் அமைதியாக உட்கார்ந்து வருகிறோம். அவர்கள் எதை நம்புகிறார்கள் என்று கேட்பதில்லை.

அவர்களைப் பொருட்படுத்திப் படித்தவர்கள் யார் தெரியுமா? அவர்களை ஒடுக்கியவர்கள். முகம்மது நபியே இறுதித் தூதர் என்னும் நம்பிக்கையோடு இக்கோட்பாடு நேராக மோதுகிறது என்பதை ஈரானின் மதவாணர்கள் துல்லியமாகப் புரிந்துகொண்டார்கள். 1979க்குப் பிறகு இருநூறுக்கும் மேற்பட்ட பஹாய்கள் கொல்லப்பட்டார்கள். 1983 ஜூனில் ஷிராஸ் நகரில் பத்துப் பெண்கள் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களுள் இளையவருக்கு வயது பதினேழு. குழந்தைகளுக்கு நன்னெறி வகுப்பு நடத்தியதும் அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று. நம்பிக்கையை மறுத்தால் உயிர் பிழைக்கலாம் என்ற வாய்ப்பு அப்பெண்களுக்குத் தரப்பட்டது. "எல்லாம் ஒன்றுதான்" என்பதே அவர்கள் கொள்கையாக இருந்திருந்தால், அந்த மறுப்பைச் சொல்லிவிட்டு வீடு திரும்பியிருக்கலாமே. எல்லாம் ஒன்றல்ல என்பதற்காகத்தான் அவர்கள் இறந்தார்கள்.

இனி என் முரண்பாடு. ஒரே ஏணியில் எல்லாரையும் நிறுத்தும்போது, அந்த ஏணியைச் செய்தவர் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. புத்தர் அந்த வரிசையில் இறைவனின் தூதராக நிற்கிறார். படைப்புக் கடவுளைச் சாராமலே துக்கத்தின் தோற்றத்தையும் நீக்கத்தையும் விளக்கிய ஒரு மரபிடம், உன் ஆசான் உண்மையில் கடவுளைத்தான் போதித்தார், பின்வந்தவர்கள் மறந்துவிட்டீர்கள் என்று சொல்வது உபசரிப்பு ஆகுமா? வீட்டுக்காரரிடமே அவர் வீட்டு வாசல் எதுவென்று விருந்தாளி விளக்குவது போன்றது அது. மகாவீரருக்கும் குரு நானக்குக்கும் அந்த வரிசையில் இடமில்லை. நிறுவனரோ நூலோ இல்லாத பழங்குடிச் சமயங்களுக்கு, பெயர் மறைந்துபோன தூதர்கள் இருந்திருக்கலாம் என்ற பொதுவான ஆறுதல் மட்டுமே கிடைக்கிறது. தூதர், வேதம், சட்டம், யுகம் என்னும் சட்டகம் மேற்காசிய வரலாற்றிலிருந்து பிறந்தது. அதில் அடங்காதவை அடங்கும்வரை வெட்டப்படுகின்றன.

இதற்கு அவர்கள் தரும் விடையையும் நேர்மையாகப் பதிவுசெய்ய வேண்டும். முந்தியதை நிறைவுசெய்கிறோம் என்று கிறித்தவம் யூதத்திடம் சொல்லவில்லையா? இரண்டிடமும் இஸ்லாம் சொல்லவில்லையா? அவற்றைப்போல் அன்றி, பஹாய் கோட்பாடு தன்னையும் இறுதி என்று சொல்வதில்லை; தனக்குப் பின்னும் ஒருவர் வருவார் என்கிறது. தன் காலாவதியைத் தானே ஒப்புக்கொள்ளும் வேதம் அரிது. அந்தத் துணிவை மதிக்கிறேன். ஆயினும் அடுத்தவர் வர ஆயிரம் ஆண்டுகளாவது ஆகும் என்று அக்தஸ் விதித்திருக்கிறது. ஆகவே இன்று உயிரோடிருக்கும் எவருக்கும் அந்தப் பணிவின் பயன் கிட்டப்போவதில்லை.

என் முரண்பாட்டின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. கடவுள் ஒன்று, மதம் ஒன்று, மனிதகுலம் ஒன்று என்னும் மூன்றையும் அவர்கள் ஒரே கயிற்றில் கட்டுகிறார்கள். மூன்றாவது கூற்றை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் அது முதலிரண்டையும் சார்ந்து நிற்கக் கூடாது என்கிறேன். மனித ஒருமை வேறு. சமய ஒருமை வேறு. என் அண்டை வீட்டாரின் நம்பிக்கை அடியோடு என்னுடையதற்கு மாறானதாக இருக்கலாம். அவர் கடவுளே இல்லை என்பவராக இருக்கலாம். அப்போதும் அவர் பாதுகாப்பும் மதிப்பும் ஓர் அணுவும் குறையக் கூடாது. ஒப்புமையின் மேல் கட்டிய நல்லிணக்கம், முதல் வேறுபாடு வெளிப்படும் நாளில் இடிந்துவிடும். நீயும் நானும் ஒன்று என்பதால் உன்னை விட்டுவைக்கிறேன் என்ற வாக்கியத்துக்குள், ஒன்றாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற மிரட்டல் ஒளிந்திருக்கிறது.

இதற்குச் சான்று பஹாய்களின் வாழ்விலேயே இருக்கிறது. எகிப்தில் 1925இல் ஒரு சமய நீதிமன்றம் அவர்களை இஸ்லாமியர் அல்லர், தனிச் சமயத்தவர் என்று தீர்ப்பளித்தது. தங்கள் தனித்தன்மைக்குக் கிடைத்த சான்றிதழ் என்று அவர்கள் அதை வரவேற்றார்கள். அதே நாட்டில் 2006இல் உயர் நிர்வாக நீதிமன்றம், அடையாள அட்டையில் இஸ்லாம், கிறித்தவம், யூதம் ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் எழுத முடியாது என்றது. மதத்துக்குரிய கட்டத்தில் ஒரு சிறு கோடு இட்டுக்கொள்ளும் உரிமை 2009இல்தான் கிடைத்தது. அந்த மனிதர்களின் குடியுரிமை, அவர்கள் மதம் மற்ற மதங்களோடு ஒன்றா என்ற கேள்வியைச் சார்ந்திருக்கவே கூடாது. ஒன்றல்ல என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன? அந்த "அதனால் என்ன"தான் எனக்கு வேண்டிய மனித ஒருமை.

அப்படியானால் அவர்களிடம் கற்க ஒன்றுமில்லையா? உண்டு, நம் சமபாவக்காரர்களிடம் இல்லாத ஒன்று. 1931இல் ஷோகி எஃபெண்டி எழுதிய நீண்ட மடல் ஒன்றில், மனிதகுல ஒருமை என்பது வெறும் உணர்ச்சிப் பெருக்கு அன்று, சமூகத்தின் கட்டமைப்பிலேயே உயிரோட்டமான மாற்றத்தை வேண்டுவது என்று வாதிட்டார். ஒருமை என்பது நிறுவனங்களில் தெரிய வேண்டும் என்பது அதன் பொருள். குருமார் வகுப்பு இல்லை. வேட்பாளரும் பரப்புரையும் இல்லாத இரகசிய வாக்கெடுப்பால் ஊர் அளவிலிருந்து ஆட்சிக்குழுக்கள் அமைகின்றன. பஹாய் வீட்டில் பிறந்த பிள்ளையும் பதினைந்து வயதில் தானே தெரிந்து ஏற்க வேண்டும். குறைகள் இல்லாமல் இல்லை: ஆண்பெண் சமத்துவத்தைப் பறைசாற்றும் சமயத்தின் உச்ச அமைப்பான உலக நீதிமன்றத்தில், 1963 முதல் ஒன்பது உறுப்பினரும் ஆண்கள்தான். எனினும், ஒருமை என்பதை அமைப்பாக்கிப் பார்க்க வேண்டும் என்ற உந்துதல் மெய்யானது.

அதன் மிகக் கூர்மையான எடுத்துக்காட்டு 1912இல் நிகழ்ந்தது. அமெரிக்கா சென்றிருந்த அப்துல்-பஹா, கறுப்பின வழக்கறிஞர் லூயிஸ் கிரெகரியும் வெள்ளை ஆங்கிலேயப் பெண் லூயிசா மாத்யூவும் மணந்துகொள்ள ஊக்கமளித்தார். இனக்கலப்புத் திருமணம் பல மாநிலங்களில் சட்டப்படி குற்றமாக இருந்த காலம் அது. மனிதர் ஒன்றே என்று மேடையில் சொல்வது எளிது. பந்தியிலும் மணவறையிலும் சொல்வது கடினம். இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1936இல், சாதி ஒழிப்பின் மெய்யான மருந்து கலப்பு மணமே என்று அம்பேத்கர் எழுதினார். இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் பாடத்திட்டம் நம் பல்கலைக்கழகங்களில் எங்கேனும் உண்டா?

அந்த உரைகல்லை இந்தியப் பஹாய் வரலாற்றிலும் உரைத்துப் பார்க்கத்தான் வேண்டும். 1960களில் மத்தியப் பிரதேசத்தின் மால்வா சிற்றூர்களில், ஒடுக்கப்பட்ட சாதியினர் உட்படப் பெருந்தொகையானோர் பஹாவுல்லாவை ஏற்றார்கள். அவர் கல்கியாக அறிமுகமானார், பஜனைகள் பாடப்பட்டன. பழைய வாழ்வோடு மோதாமல் நுழைந்த செய்தி, பழைய வாழ்வின் சாதியோடு எவ்வளவு மோதியது என்பது திறந்த கேள்வி. இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்தியாவில் சுமார் இருபது லட்சம் பஹாய்கள் இருப்பதாகச் சமூகம் சொல்லிவந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கண்ட எண் 4,572. ஏளனம் செய்வோர் இதை மிகைக் கணக்கு என்று கைதட்டி முடிக்கிறார்கள். ஆய்வாளர் அங்கேதான் தொடங்க வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கும், 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் மட்டுமே உரியது. மால்வாவின் நிலமற்ற தலித் ஒருவர் கணக்கெடுப்பாளரிடம் 'பஹாய்' என்று சொன்னால், தம் பிள்ளையின் இடஒதுக்கீட்டை இழக்கும் இடர் அவருக்கு உண்டு. எண்களுக்கிடையேயான இடைவெளி முழுவதையும் இது விளக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லா மதங்களும் சமம் என்று முழங்கும் அரசு, மதம் மாறிய ஏழையிடம் மட்டும் அதற்குக் கட்டணம் வாங்குகிறது என்பதை இந்த இடைவெளி நினைவூட்டுகிறது.

வெறுப்பு மலிந்த இக்காலத்தில் ஒற்றுமை பேசுவோரிடம் ஏன் வேற்றுமை தேடுகிறாய் என்று சிலர் கேட்பார்கள். கலவரங்கள், மதங்களின் கோட்பாட்டு வேறுபாட்டைப் படித்தறிந்தவர்களால் மூட்டப்படுவதில்லை. சமபாவத்தை வாயாரச் சொல்லிக்கொண்டே வாடகைக்கு வீடு மறுக்கிறோம். மகள் காதலித்தவனை வெட்டுகிறோம். ஆகவே ஒருமை பேசும் எவரிடமும், என்னிடமும்தான், மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்த ஒருமையின் வரைபடத்தை வரைந்தவர் யார்? இதற்கு விலை கொடுப்பவர் யார்? இதிலிருந்து விலகிச் செல்ல ஒருவருக்கு உரிமை உண்டா? சமபாவமும் பஹாய் கோட்பாடும், நம்முடைய மதச்சார்பின்மையும் இந்த மூன்றுக்கும் விடை சொல்லட்டும்.

கடைசியாக ஒன்று. ஈரானில் 1991இல் உருவான அரசுக் குறிப்பு, ஒருவர் பஹாய் என்று தெரியவந்தால் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்க வேண்டும் என்றது. அதற்கு முன்பே வாயில்கள் மூடப்பட்டிருந்ததால், வேலை பறிக்கப்பட்ட பேராசிரியர்களும் கல்வி மறுக்கப்பட்ட இளைஞர்களும் சேர்ந்து 1987இல் தங்களுக்கென்று ஓர் உயர்கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வீட்டு முன்னறைகள் வகுப்புகளாயின. 2011இல் அந்த வீடுகள் சோதனையிடப்பட்டன, ஆசிரியர்கள் சிறை சென்றார்கள், வகுப்புகள் நிற்கவில்லை. படிப்பதற்காக அவர்கள் சிறை செல்கிறார்கள். நூலகம், உதவித்தொகை, அடையாள அட்டை எல்லாம் வைத்திருக்கும் நாமோ அவர்களைப் படிக்காமலே சிரித்துவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போகிறோம்.

அடுத்த முறை நான் எழுந்து பேசுவேன். நீங்களும் பேசுங்கள், என்னை மறுத்தாவது பேசுங்கள்.